பட்டாளத்துக்குப் போகிறவனுக்கு எந்தக் கத்தி?

அக்காவின் மகன் கனடாப் பட்டாளத்தில் இருக்கிறான். இந்த முறை அவனை லத்வியாவுக்கு அனுப்புகிறார்கள், தலைநகர் ரீகாவுக்குப் பக்கத்தில் அடாஜி என்ற முகாமுக்கு. 2017இலிருந்து அங்கே நேட்டோ அணிக்குத் தலைமை கனடாதான். போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு கத்தியின் படத்தைப் போட்டு "மாமா, இது எப்பிடி?" என்று கேட்டான். முழுக் கறுப்பு, ஏழு அங்குல அலகு, முதுகில் மரம் அரிகிற வாள் மாதிரிப் பல், பிடியின் அடியில் ஒரு குட்டித் திசைகாட்டி. வேண்டாம் என்று ஒரு சொல்லில் பதில் போட்டேன், ஏன் என்று அவன் விடாமல் கேட்டதால் இதை நீட்டி எழுதுகிறேன், அவனைப் போல் வேறு வீடுகளிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஆப்கானிஸ்தானின் கந்தகார் விமானத்தள முகாமில் ஒரு ஒப்பந்தக் கம்பனியின் வாகனப் பட்டறையில் வேலை செய்தேன். வேலை என்றால் இஞ்சினுக்குள் கை விடுகிற வேலை இல்லை, சாமான் கொடுத்து வாங்கும் கவுண்டர். திருகோணமலைத் திருக்கடலூரில் மீன்பிடிக் குடும்பத்தில் வளர்ந்தவனுக்குக் கத்தி தீட்டுவது தனியாகப் படிக்கிற வித்தை இல்லையே, ஓய்வு நேரத்தில் பட்டறைக் கத்திகளைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருப்பேன். அதை ஒரு கனடாக்காரன் பார்த்துவிட்டுத் தன் கத்தியைக் கொண்டுவந்தான், அப்புறம் அமெரிக்கன், பிரிட்டிஷ்காரன், டச்சுக்காரன், ருமேனியாக்காரன் என்று வரிசை. அந்தக் கவுண்டரில் நின்று நான் பார்த்த கத்திகளைப்போல் கொழும்பில் எந்தப் பெரிய கடையிலும் பார்க்க முடியாது. எது மழுங்குகிறது, எது உடைகிறது, எது உறையை விட்டே வெளியில் வராமல் ஊருக்குத் திரும்புகிறது எல்லாம் அங்கேதான் தெரிந்தது.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். பட்டாளக் கத்தி என்றவுடன் சண்டைதான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. நான் இருந்த காலம் முழுவதும் சண்டையில் மழுங்கிய கத்தி என்று ஒன்றுகூட என் கவுண்டருக்கு வரவில்லை. வந்தவை எல்லாம் பெட்டியில் சுற்றிய பிளாஸ்டிக்கை வெட்டியவை, கேபிள் கட்டும் பிளாஸ்டிக் ரை, பரசூட் நூல், ஒட்டுநாடா, வயர், கடதாசி மட்டைப் பெட்டி, அந்த மண்ணிறப் பிளாஸ்டிக் உறையில் வரும் சாப்பாட்டுப் பொதி, இவற்றை வெட்டியவை. துப்பாக்கிக்குள் படியும் கரியைச் சுரண்டுவது இன்னொரு பெரிய வேலை. சண்டைக்கென்று துப்பாக்கி முனையில் மாட்டும் பயனெட்டைப் பட்டாளமே கொடுக்கிறது, அமெரிக்கர்களின் எம்9 பயனெட் உறையோடு சேர்த்தால் கம்பி வெட்டுகிற கத்தரியாகவும் ஆகிறது. அதற்கு மேலே சொந்தக் காசில் இன்னொரு சண்டைக் கத்தி வாங்கி இடுப்பில் சுமப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஏற்கெனவே கவசம், தண்ணீர், ரவை என்று ஒருவன் தன் எடையில் பாதியைச் சுமக்கிறான்.

கா-பார் கத்தியைப் பற்றிக் குறை சொல்லவில்லை. 1942இல் அமெரிக்க மரீன் படை எடுத்துக்கொண்ட வடிவம், ஏழு அங்குல அலகு, தோல் வளையங்களை அடுக்கி இறுக்கிய பிடி, கிட்டத்தட்ட முந்நூறு கிராம். அருமையான சாமான்தான். ஆனால் அது காட்டிலும் பங்கரிலும் மாதக்கணக்கில் கிடந்து மரம் வெட்டி, குழி தோண்டி, ரின் உடைத்து வாழ்ந்தவர்களுக்கு வந்த கத்தி. வாகனத்தில் போய் வாகனத்தில் திரும்புகிறவன் அதை இருக்கையில் இடிபடாமல் வைக்க இடம் தேடியே களைத்துப்போவான்.

பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருக்கும் நேபாளக் கூர்க்காக்களைச் சொல்லாமல் விட முடியாது. அவர்களின் குக்ரியைப் பார்த்தவன் பெரிய கத்திதான் கத்தி என்று நினைப்பான். நான் கிட்ட இருந்து பார்த்தேன், குக்ரி உறையின் பின்பக்கத்தில் இரண்டு குட்டிச் சாமான்கள் செருகியிருக்கும். ஒன்று கர்தா, விரல் நீளக் கத்தி. மற்றது சக்மக், கூர் இல்லாதது, பெரிய கத்தியின் விளிம்பைச் சரிபண்ண, தீக்கல்லில் உரசிப் பொறி எடுக்க. வெங்காயம் உரிப்பதும் நூல் வெட்டுவதும் கர்தாதான். உலகத்திலேயே பெரிய பெயர் எடுத்த பட்டாளக் கத்தியோடுகூட அன்றாட வேலைக்கென்று ஒரு சின்னக் கத்தியைச் சேர்த்தே வைத்திருக்கிறார்கள் அந்த மலைநாட்டுக்காரர்.

இனி உடைவது. ஒரு நாள் ஒரு இளம் பெடியன், இருபது வயது தாண்டியிருக்காது, விலையுயர்ந்த கத்தியொன்றின் இரண்டு துண்டுகளைக் கவுண்டரில் வைத்தான். நுனியில் ஒரு விரலளவு போயிருந்தது. ஒட்டித் தரலாமா என்று கேட்டான். என்ன செய்தாய் என்று கேட்டால், மரப்பெட்டியின் மூடியை நெம்பினானாம். உடைந்த முகத்தைப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மின்னியது, கடினமாகப் பதம் வைத்த எஃகு அப்படித்தான் உடையும், வளையாது. வெல்டிங் வைத்தால் சூட்டில் பதம் போய்விடும், அதனால் கிறைண்டரில் மெதுவாக நுனியைப் புதிதாக வளைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கல்லில் ஒரு நொடி, தண்ணீரில் ஒரு முக்கு. விளிம்பு நீலம் பாரித்தால் அந்த இடம் செத்துவிட்டது என்று அர்த்தம், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அவனுக்குக் கத்தியோடு சேர்த்து ஒரு சின்ன நெம்புகோலையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன். நெம்ப நெம்புகோல், வெட்டக் கத்தி.

மெல்லிய ஈட்டி போன்ற இருபக்கக் கூர் கொண்ட கத்திகளும் இதே கதைதான். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் வைத்திருந்த குத்துவாள் வடிவம் இன்றைக்கும் கடைகளில் அழகாகக் கிடக்கிறது. அதன் முதுகில் பெருவிரலை வைத்து அழுத்த முடியாது, அங்கேயும் கூர். பெருவிரல் வைக்க முடியாத கத்தியால் என்ன வேலை செய்வது? பிடிக்குள்ளே குழாய் மாதிரி வெறுமையாக விட்டுத் தூண்டில் நூலும் தீக்குச்சியும் வைக்கிற கத்திகள் இன்னும் மோசம், அலகு பிடியோடு சேரும் இடத்தில் வேர் இல்லை, இரண்டாவது அடியில் தனித்தனியாகப் போய்விடும். மடங்காத நிலையான கத்தி வாங்கினால் அலகின் எஃகு பிடியின் கடைசிவரை ஓடுகிறதா, குறைந்தது பாதிக்கு மேலாவது போகிறதா என்று பார்க்க வேண்டும். மருமகன் அனுப்பிய படத்தில் திசைகாட்டி இருந்த இடமே சொல்லிவிட்டது, பிடி வெறுமை.

அளவு? நான்கு அங்குலம் போதும். ஐந்து தாண்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு விசயம், ஒற்றைக் கை. இரண்டு கையும் சும்மா இருக்கும் நேரத்தில் யாருக்கும் கத்தி அவசரமாகத் தேவைப்படுவதில்லை. இதை நான் கந்தகாரில் கற்கவில்லை, இங்கே சுவாமி மலைக்கு வெளியில் கற்றேன். கச்சான் காற்றடிக்கிற காலம், மச்சானின் பைபர் படகில் போய்க்கொண்டிருந்தோம், யாரோ விட்ட வலைக்கயிறு இஞ்சினின் புரப்பெல்லரில் சுற்றிவிட்டது. இஞ்சின் நின்றவுடன் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பியது, கோணேசர் கோயில் பாறை இருக்கிற பக்கம் மெல்ல மெல்ல இழுக்கிறது. மச்சான் பின்பக்கம் குப்புறப் படுத்து, ஒரு கையால் இஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டி "கத்தி!" என்றார். என்னிடம் இருந்தது நகத்தால் கிளப்பித் திறக்கிற வில்லுக்கத்தி. ஈரக் கை வழுக்க, பல்லால் கடித்துத் திறந்து கொடுத்தேன். மழமழவென்ற அலகு நைலோன் கயிற்றில் வழுக்குகிறது, கயிறு நனைந்து இறுகியிருக்கிறது. கடைசியில் அடுத்த படகுக்காரர் எறிந்த பழைய பல்லுக்கத்திதான், பாண் வெட்டுகிற கத்தி அது, நாலு இழுப்பில் அறுத்தது. அன்றைக்கு விளங்கியது இரண்டு: ஒரு கையால் எடுத்து, திறந்து, வெட்ட முடியாத கத்தி அவசரத்துக்கு உதவாது. நைலோன் கயிறு, வார் எதுவானாலும் பல் வைத்த அலகு பிடிக்கிற பிடி வேறு.

பட்டாளத்தில் அந்தக் கயிறுக்குப் பதில் இருக்கைப் பட்டி. கவச வாகனம் குடைசாய்ந்தால் ஆள் பட்டியில் தலைகீழாகத் தொங்குவான், முழு எடையும் பட்டியில், பூட்டு திறக்காது. அந்த நிலையில் கூர் நுனிக் கத்தியைத் தன் நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது ஆபத்து. அதற்கென்று கொக்கி வடிவப் பட்டிவெட்டி இருக்கிறது, உள்வளைவில் மட்டும் கூர், தோலில் படாது. கூட இருக்கிறவனின் சீருடையைக் காயத்துக்காகக் கிழிக்கவும் அதுதான் நல்லது. விலை குறைவு, எடையே தெரியாது. எந்தக் கத்தியை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதை ஒன்று வாங்கி இரண்டு கையாலும் எட்டுகிற இடத்தில் மாட்டு என்று மருமகனுக்கு முதலாவதாக எழுதினேன்.

இரண்டாவது மல்ரி-ரூல், குறடு, கத்தி, ஸ்குரூ திருப்பி எல்லாம் ஒன்றாக மடங்கிக் கிடக்கும் சாமான். டிம் லெதர்மன் என்ற அமெரிக்கர் 1975இல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் ஒரு பக்கம் பழுது, தங்குகிற விடுதியில் குழாய் ஒரு பக்கம் ஒழுகல், கையில் இருந்ததோ பேனாக்கத்தி, அதில் ஒரு குறடு மட்டும் இருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தாராம். அப்படி ஒன்றைச் செய்து விற்க 1983இல் கம்பனி தொடங்கினார். என் கவுண்டருக்கு வந்தவர்களில் அதைப் போன்ற ஒன்று இடுப்பில் இல்லாதவன் அபூர்வம், பலருக்குப் பட்டாளமே கொடுத்திருந்தது. ஸ்குரூ இறுக்க, கம்பி முறுக்க, சூடான பாத்திரத்தைத் தூக்க, முள் பிடுங்க எல்லாவற்றுக்கும் குறடுதான் முதலில் வெளியில் வரும், கத்தி அதற்குப் பிறகு. லெதர்மன் வேவ் 240 கிராம் சொச்சம், அதன் அலகு குறட்டைத் திறக்காமலே வெளிப்பக்கத்திலிருந்து பெருவிரலால் திறக்கும். வாங்கும்போது இதைத்தான் பார்க்க வேண்டும். உள்ளே ஒளித்து வைத்த அலகு என்றால் முழுச் சாமானையும் பிரித்துப்போட வேண்டும். சுவிஸ் பட்டாளம்கூட 1891இலிருந்து நகத்தால் திறக்கிற கத்தியை வைத்திருந்துவிட்டு, 2008இல் வந்த புதிய மாதிரியில்தான் ஒற்றைக் கையால் திறக்கும் பல் வைத்த அலகுக்கு மாறியது.

மடக்குக் கத்தியில், திறந்த அலகை மடங்காமல் பிடிக்கிற பூட்டைக் கவனிக்க வேண்டும். கந்தகார்த் தூசி சாதாரணத் தூசி இல்லை, கோதுமை மா மாதிரி, காலை வைத்தால் கணுக்கால்வரை புகையும். மடக்குக் கத்திக்கு நிறைய எண்ணெய் போட்டுக் கொண்டுவருவார்கள், எண்ணெயும் மாவும் சேர்ந்து பசையாகி, பூட்டுத் தகடு முழுதாக வந்து உட்காராமல் பாதியில் நிற்கும். பார்க்கத் திறந்த மாதிரி இருக்கும், அழுத்தினால் விரலில் மடங்கும். நான் செய்தது வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப், பழைய பல்துலக்கும் பிரஷ், பிறகு காற்றடிக்கிற குழாய். எண்ணெய் வேண்டாம், கட்டாயம் போட வேண்டுமென்றால் ஒரு துளி, துடைத்து எடுத்த பிறகு மிச்சமிருப்பது போதும். கழுவியபின் அலகின் முதுகை மேசை விளிம்பில் மெல்லத் தட்டிப் பூட்டு நிற்கிறதா என்று பார்ப்பேன், விரல்களை மடங்கும் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு. நிலையான கத்திக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை, அதில் அசைகிற பாகமே கிடையாது, அதனால் பையில் ஒரு சின்ன நிலையான கத்தி இருப்பது நல்லது.

எஃகு பற்றி இன்றைய பெடியன்கள் பேசுகிற பேச்சைக் கேட்டால் பயமாக இருக்கிறது, எண்ணும் எழுத்துமாக. நான் இங்கே யுத்த காலத்தில் கற்ற பாடம் போதும். அப்போது மீன் வெட்டுகிற கத்தியை மடியில் வைத்துக்கொண்டு செக்பொயின்ரில் நிற்க யாருக்கும் தைரியமில்லை, படகிலேயே விட்டுவிட்டு வருவோம். உப்புத் தண்ணீரில் ஒரு இரவு கிடந்தால் காலையில் அலகு செம்மஞ்சளாக இருக்கும். லொறி வில்லுத் தகட்டில் கொல்லன் அடித்த கத்திகள் அவை, கூர் பிரமாதமாக ஏறும், துரு அதைவிட வேகமாக ஏறும். தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைப்போம். கா-பாரின் எஃகும் அந்தச் சாதிதான், கறுப்புப் பூச்சு அலகைக் காக்கும், தீட்டிய விளிம்பில் பூச்சு இல்லையே. கந்தகார் வறண்ட இடம், அங்கே துரு பெரிய பிரச்சினை இல்லை. கடற்படையில் இருப்பவன், ஈரத்தில் நிற்பவன் துருப்பிடிக்காத எஃகைத்தான் எடுக்க வேண்டும். எச்1 என்று ஒரு ஜப்பான் எஃகு உண்டு, கரியை மிகக் குறைத்து நைதரசன் சேர்த்தது, கடல் தண்ணீரில் கிடந்தாலும் துருப்பிடிப்பதில்லை, ஸ்பைடர்கோவின் சோல்ட் வரிசையில் அது வந்தது. ஆனால் மழமழ அலகாக எடுத்தால் கூர் சீக்கிரம் குறையும், பல் வைத்ததாக எடுத்தால் கயிறுக்கு அதற்கு மேல் இல்லை. அதிகக் கடினமான விலையுயர்ந்த எஃகு கூரை அதிக நாள் வைத்திருக்கும், உண்மை. மழுங்கினால் முகாமில் வைத்துத் தீட்டத் தாவு தீர்ந்துவிடும், அதுவும் உண்மை. தானே தீட்டத் தெரிந்தவனுக்குச் சாதாரண எஃகு போதும்.

தீட்டக் கல் கிடைக்காத இடத்தில் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்துப் பார்க்கலாம், பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு படாத சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கும். அதில் இருபது பாகை சரிவில், இரண்டு பக்கமும் மாறி மாறி, அழுத்தாமல். பட்டறையில் நின்ற வாகனங்களின் கண்ணாடியைப் பாதி இறக்கி அதன் மேல் விளிம்பிலும் இழுத்திருக்கிறேன், கூர் முழுதாகப் போகாத கத்திக்கு அது போதும். பல் வைத்த அலகைத் தட்டைக் கல்லில் உரசிப் பல்லை மழுக்கிக் கொண்டுவருவார்கள், பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அதற்கு ஒல்லியான வட்டக் கோல் வேண்டும், ஒவ்வொரு பல்லாக.

கத்தியைக் கவுண்டரில் திருப்பிக் கொடுக்கும்போது நான் கையில் கொடுக்க மாட்டேன், மேசையில் வைப்பேன், எடுத்துக்கொள் என்பேன். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று அம்மம்மா சொன்ன பழக்கம். அவர்கள் அதைப் பாதுகாப்பு விதி என்று நினைத்துக்கொண்டு தாங்களும் அப்படியே செய்யத் தொடங்கினார்கள், நானும் திருத்தவில்லை.

லத்வியா குளிர் நான் பட்டதில்லை, ஆனால் அங்கே மாரியில் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை வரை போகும் என்று அவனே சொல்கிறான். அப்படியென்றால் கையுறை. கையுறை போட்டுக்கொண்டு திறக்க முடியாத கத்தி பையில்தான் கிடக்கும், ஆகவே கடையிலேயே கையுறையைப் போட்டுக்கொண்டு திறந்து பார், கடைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும். இரும்புப் பிடி வேண்டாம், குளிரில் தொட முடியாது, ரப்பர் அல்லது பிளாஸ்டிக். அங்கே காடு, விறகு பிளக்கிற வேலையும் வரலாம், அதற்கு சுவீடனின் மோரா கத்தி நன்றாக இருக்கும். கம்பானியன் என்ற மாதிரி, நான்கு அங்குல அலகு, பிளாஸ்டிக் உறை, விலையைப் பார்த்தால் இவ்வளவு மலிவாக நல்ல கத்தி கொடுக்க முடியுமா என்று தோன்றும். தொலைந்தால் அழத் தேவையில்லை, இது பட்டாளத்தில் சின்ன விசயமில்லை, அங்கே சாமான் தொலையும். அலகு பிடிக்குள் கடைசிவரை ஓடாது, ஆனால் பாதிக்கு மேல் போய் இறுகியிருக்கும். உறைந்த கட்டையில் வைத்து மேலே அடித்தால் விளிம்பு சில்லுப் பெயரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்க்காமல் யாரும் கத்தி வாங்கக் கூடாது. தோல் உறை அழகு, ஆனால் திருகோணமலை ஈரத்தில் ஒரு மாரிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும், நனைந்தால் உலர நாளாகும், அதுவரைக்கும் கத்தி ஈரத்தோடு படுத்திருக்கும். பிளாஸ்டிக் உறை பரவாயில்லை, கடகட சத்தம் வந்தால் உள்ளே ஒரு துண்டு ஒட்டுநாடா. நெஞ்சில் தலைகீழாகக் கத்தி மாட்டுகிற மோகம் புதுப் பெடியன்களுக்கு உண்டு, குப்புறப் படுத்தவுடன் அது நாடியில் இடிக்கும், ஒரு கிழமையில் தானே கழற்றிவிடுவான். நெஞ்சில் இடம் இருந்தால் இரத்தம் நிறுத்துகிற கட்டுப் பட்டிக்குக் கொடு, கத்திக்கு இடுப்பு போதும். நூல் கட்டி வை, இருட்டில் விழுந்த கறுப்புக் கத்தியை யாரும் கண்டுபிடித்ததில்லை.

வாங்கும் முன் உன் அணியில் சார்ஜன்ட் யாரையாவது கேள், அலகு நீளத்துக்குக் கட்டுப்பாடு வைக்கிற அணிகள் உண்டு. பொத்தானை அமுக்கினால் தானே பாய்ந்து திறக்கிற வகையும், கையை உதறினால் திறக்கிற வகையும் கனடாவில் தடைசெய்யப்பட்டவை, ஒன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று வரவழைத்துவிடாதே. பயணிகள் விமானத்தில் போவதானால் எல்லாக் கத்தியும், இடுப்பில் கிடக்கிற மல்ரி-ரூல் உட்பட, கீழே போடுகிற பெட்டியில்தான். விடுமுறையில் ஊருக்குப் புறப்பட்ட எத்தனையோ பேர் அதை மட்டும் மறந்து, டுபாயில் பாதுகாப்புச் சோதனைத் தட்டில் நல்ல லெதர்மனைப் பறிகொடுத்துவிட்டு வந்து, என் கவுண்டரில் புதிது ஒன்று இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள்.